மருந்துக்கு முன் வாய்க்கால்

(கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் கோரிமேட்டில் நடைபெற்ற கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விக்காகத் தோன்றிய ஒரு கழகத்தின் வெள்ளிவிழாவில் வாய்க்காலைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. தந்தையின் கால் வீங்கி அவர் வேலைக்குப் போக இயலாதபோது, முதலில் பள்ளியைவிட்டு நிற்பது அவ்வீட்டின் மூத்த பிள்ளை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாயின் ஒரு வாரக் கூலி போகிறது. அந்த வாரம் வாங்கிய கடனுக்கு வட்டி பல மாதங்கள் தொடர்கிறது. நம் பிள்ளைகளின் படிப்பைத் தடுக்கும் காரணங்களுள் நோய் முன்வரிசையில் நிற்கிறது. எனவே நலவாழ்வைப் பற்றிய பேச்சு நம் கழகத்தின் நோக்கத்திற்கு அயலானதன்று.

நாம் கூடியிருக்கும் இந்தக் கோரிமேடு மருத்துவத்தால் பெயர் பெற்ற இடம். 1823இல் பிரெஞ்சு ஆட்சியின்போது புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியின் வழிவந்ததாக எண்ணப்படுவது இங்குள்ள ஜிப்மர். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும், 1964இல் ஜவகர்லால் பெயர் தாங்கிய நிறுவனமாகவும் வளர்ந்து, 2008இல் நாட்டின் முதன்மை வாய்ந்த நிறுவனம் என்ற சட்டத் தகுதியைப் பெற்றது. விடியற்காலையில் அதன் வாயிலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், புதுச்சேரி மட்டுமன்றி விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை ஆகிய பகுதிகளின் ஏழை மக்களும் அதை நம்பி வருவது விளங்கும். அந்த வரிசையில் நம் மக்களும் பெருந்தொகையாக நிற்கின்றனர்.

அதே மேட்டில், அவ்வளவாக மக்கள் அறியாத மற்றொரு நிறுவனமும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் நிறுவிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அது. அங்கே நோயாளிகளின் வரிசை இல்லை. நோய் எந்தக் குட்டையில், எந்தச் சாக்கடையில் பிறக்கிறது என்று தேடுவதே அதன் பணி. நோயாளியின் உடலில் செய்யும் மருத்துவமும், நோய் பிறக்கும் இடத்தில் செய்யும் மருத்துவமும் அருகருகே நடக்கும் ஊர் இது. முன்னதை நாம் நன்கு அறிவோம். பின்னதைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

யானைக்கால் நோயை எடுத்துக்கொள்வோம். நம் தெருக்களில் பெரியவர்களின் வீங்கிய கால்களைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். பழைய தலைமுறையினர் அதை முன்வினை என்றனர். சிலர் தண்ணீர்க் கோளாறு என்றனர். உண்மை வேறு. மெல்லிய நூல் போன்ற புழுக்கள் மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் இரவில் குருதியின் மேலோட்டத்திற்கு வருகின்றன. நலத்துறையினர் இரவு வேளையில் வீடு தேடி வந்து இரத்தம் எடுத்ததன் காரணம் இதுவே. கொசு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது நுண்புழுவும் அதன் உடலுக்குள் போகிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முதிர்ந்து அடுத்த மனிதனைப் பற்றும் நிலையை அடைகிறது. கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை 1877இல் சீனாவின் அமாய் நகரில் கண்டறிந்தவர் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர்.

இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, தேங்கி நாறும் கழிவுநீரை விரும்பி முட்டையிடுவது. அடைபட்ட சாக்கடை, மூடாத கழிவுநீர்க் குழி, பாழடைந்த கிணறு ஆகியவை அதன் பிறப்பிடங்கள். மலேரியாவைப்போல ஓரிரு கடியால் இந்நோய் வந்துவிடுவதில்லை. நோய்ப்புழுவைச் சுமந்த கொசுக்கள் நெடுங்காலம், மிகப் பலமுறை கடித்த பிறகே புழு உடலில் நிலைகொள்கிறது. இதன் பொருளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீங்கிய கால் என்பது அந்த மனிதர் எத்தனை ஆண்டுகள் சாக்கடையோரத்தில் உறங்க நேர்ந்தது என்பதற்கான கணக்கு.

அப்படியானால் சாக்கடையோரத்தில் உறங்கியவர் யார்? ஊரின் பள்ளமான பகுதியும், வாய்க்காலின் கடைமடையும், ஏரிக்கரையின் தாழ்வும் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி நகரத்தின் அமைப்பையே பாருங்கள். கடலோரத்தில் வெள்ளையர் நகரம். அதன் மேற்கே பெரிய வாய்க்கால். அதற்கப்பால் தமிழர் நகரம். அந்தத் தமிழர் நகரத்திற்கும் வெளியே, தாழ்ந்த நிலங்களில், நம் முன்னோரின் குடியிருப்புகள். மேட்டில் இருப்பவர் ஊற்றிய நீர் பள்ளத்தை நோக்கித்தான் வரும். பள்ளத்தில் வாழ்பவரைப் பார்த்து, ‘இவர்களுக்குத் தூய்மை தெரியாது’ என்று சொல்வது எளிது. நோய்க்குக் காரணம் நம் பழக்கவழக்கம் என்ற பழி நெடுங்காலமாக நம்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. நிலத்தின் சரிவும் வாய்க்காலின் போக்கும் அந்தப் பழியைப் பொய்யாக்குகின்றன.

இந்த உண்மையைச் செயலில் காட்டியது இங்குள்ள ஆராய்ச்சி மையமே. அதன் தொடக்க இயக்குநர் பி. கே. ராஜகோபாலன் அவர்களின் தலைமையில், 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் ஒரு பெருந்திட்டம் நடைபெற்றது. கொசு மருந்தை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமற் செய்வது அதன் முறை. தேங்கிய நீரை வடியவைத்தார்கள், பள்ளங்களைத் தூர்த்தார்கள், குளங்களின் களைகளை அகற்றினார்கள், கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை நீர்நிலைகளில் விட்டார்கள். கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது. திட்டக் காலத்தில் வளர்ந்த சிறுவர்களிடம் புதிய தொற்று குறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

அக்காலத்தில் இதே எண்ணத்துடன் நடந்த வேறு முயற்சிகளையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. காரைக்காலில் 1982 முதல் சில ஆண்டுகள், யானைக்கால் மருந்து சிறிதளவு கலந்த உப்பை மக்களுக்கு வழங்கினார்கள். தனியாக மாத்திரை விழுங்கவேண்டிய தொல்லையின்றி, சமையலறை வழியாகவே மருந்து வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. இரத்தத்தில் புழு உடையோரின் எண்ணிக்கை மிகவும் சுருங்கியது. கேரளத்தின் சேர்த்தலையில், ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றிக்கொண்டு வளரும் வேறொரு வகைக் கொசு நோயைப் பரப்பியது. தென்னைக்கு உரமாகும் என்று மக்களே அச்செடியைக் குளங்களில் வளர்த்து வந்தனர். ‘செடியை அகற்று’ என்று ஆணையிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1986 முதல், செடியை அகற்றிய குளங்களில் மீன் வளர்க்க ஆராய்ச்சி மையம் வழிகாட்டியது. மீனால் வருவாய் கிடைத்தது, குளம் தூய்மையாயிற்று. பள்ளி மாணவர்களும் அப்பணியில் இறங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்கும் உதவுகின்ற மாற்றத்தையே மக்கள் விரும்பி ஏற்பர் என்பது அங்கே மெய்ப்பட்டது.

இனி, புதுச்சேரித் திட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1985இல் ஐந்தாண்டு முடிந்தது. தீவிரப் பணி ஓய்ந்தது. கொசு மீண்டும் பெருகியது. வாய்க்காலைக் காப்பவர் இல்லாதபோது வாய்க்கால் தன் பழைய நிலைக்குத் திரும்பியது. அறிவியல் தோற்றதால் இது நிகழவில்லை. ஐந்தாண்டுத் திட்டத்திற்குப் பணமும் ஆளும் இருந்தன. ஆறாம் ஆண்டில் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்கும் ஏற்பாடு உறுதியாக இல்லை. திட்டம் முடியும், ஊர் இருக்கும். ஊரின் கையில் ஒப்படைக்கப்படாத எந்த நலத்திட்டமும் நிலைப்பதில்லை.

இதற்கு மாறான சான்று நமக்கு அருகிலேயே உண்டு. திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில், மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் ஓர் ஆய்வு நடத்தினர். சில கிராமங்களில் மக்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தனர். வேறு சிலவற்றில் மாத்திரையோடு, கழிவுநீர்க் குழிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் தெர்மோகோல் மணிகளை மிதக்கவிட்டனர். நீரின் மேல் படர்ந்த மணிகள் கொசு முட்டையிடுவதையும், புழு மூச்சுவிடுவதையும் தடுத்தன. மாத்திரை நிறுத்தப்பட்டபின், மாத்திரையை மட்டும் நம்பிய ஊர்களில் நோய்ப்பரவல் மீண்டும் தலைகாட்டியது; இரண்டும் செய்த ஊர்களில் பெற்ற பயன் நிலைத்தது. 2004 முதல் நம் நாட்டில் ஆண்டுக்கொருமுறை ஊர் முழுவதற்கும் யானைக்கால் மாத்திரை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்ததையும், அதனால் நோய் பெரிதும் தணிந்ததையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் மருந்து புழுவைத்தான் அழிக்கும். சாக்கடை அப்படியே இருந்தால், இன்று யானைக்கால் தணிந்த இடத்தில் நாளை வேறொரு நோய் வந்து குடியேறும்.

மருந்தால் மீளாதவரும் நம்மிடையே இருக்கிறார்கள். நெடுநாள் வீங்கிய கால் மாத்திரையால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துப் பேணினால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். விதைப்பை வீக்கத்தை அறுவை மருத்துவத்தால் சரிசெய்யலாம்; அதை மறைத்து வாழவேண்டியதில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலைக் கழுவுவதற்கும் வீட்டருகே தூய நீர் வேண்டும். மருத்துவர் சொல்லும் அறிவுரையைக் கடைப்பிடிக்க முடியுமா என்பதைக் குடிநீர்க் குழாயே தீர்மானிக்கிறது.

தண்ணீர் என்றதும் நம் வரலாறு நினைவுக்கு வருகிறது. பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924இல் அதை ஏற்றது. ஆனால் தீர்மானம் தாளில் இருந்தது. குளத்தில் நம் மக்கள் கைவைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்துபோய்ச் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் வழக்குத் தொடர்ந்தது; உயர்நீதிமன்றத் தீர்ப்பு 1937இல் வந்தது. சென்னை மாகாணத்திலும் பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்தும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறச் செய்தார். இவற்றை உரிமைப் போர்கள் என்று படிக்கிறோம். அவை நலவாழ்வுப் போர்களும் ஆகும். நல்ல கிணற்றில் நீர் எடுக்கத் தடை விதிக்கப்பட்டவன் குட்டை நீரைக் குடித்தான். காலராவும் வயிற்றுப்போக்கும் அவன் வீட்டுக்கு முதலில் வந்தன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளிப்பட்டதை எண்ணினால், அந்தப் போர் இன்னும் ஓயவில்லை என்பது புலப்படும்.

நம் ஊரிலும் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், 19ஆம் நூற்றாண்டில் முத்திரையர்பாளையத்து ஊற்றிலிருந்து நகரத்திற்கு நல்ல நீர் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னம். ஆட்சியாளர் விரும்பினால், ஊருக்கு வெளியே உள்ள நீரையும் நகரத்து வாயிலில் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்பதற்கு அது சான்று. குழாயில் நாள்தோறும் நீர் வரும் வீட்டில் குடம் குடமாகச் சேமிப்பதில்லை. விட்டுவிட்டு வரும் வீட்டில் தொட்டியும் பானையும் நிரம்பி நிற்கும். அந்தத் தெளிந்த நீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு பிறக்கும். ‘தொட்டியை மூடி வை’ என்று தாய்மாருக்கு அறிவுரை சொல்லும் துண்டறிக்கையோடு, ‘தண்ணீரை ஒழுங்காக விடு’ என்று நிர்வாகத்திடம் சொல்லும் விண்ணப்பமும் இருக்க வேண்டும்.

வாய்க்காலைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கேட்கிறோம். அதை யார் கையால் செய்விப்பது என்ற கேள்வியை நாம் மறந்துவிடலாகாது. இந்நாட்டின் நகரங்கள் தம் தூய்மையை நம் மக்களின் உடலால் வாங்கி வந்திருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தோரின் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் சாவுகள் தொடர்ந்தன. நம் தெருவின் நலத்துக்காக இன்னொரு சேரியின் இளைஞன் ஆள்நுழைவுக் குழியில் மூச்சுத் திணறுவானாயின், அதை நலத்திட்டம் என்று நாம் அழைக்க முடியாது. இயந்திரமும் முகக்கவசமும் நிலையான ஊதியமும் நம் கோரிக்கையின் முதல் வரியிலேயே இடம்பெற வேண்டும்.

கழிவுநீரை நிலத்தடியில் மறைத்துவிட்டால் மட்டும் துன்பம் தீர்ந்துவிடாது என்பதையும் அண்மையில் கண்டோம். 2024 ஜூன் 11ஆம் நாள், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடை வழியாக வீட்டுக் கழிவறைக்குள் வந்த நச்சுவாயு மூன்று உயிர்களைப் பறித்தது. அவர்களுள் ஒருத்தி பள்ளிப் பருவத்துச் சிறுமி. குழாய் போட்டால் போதாது. வாயு வெளியேறும் வழியும், முறையான இணைப்பும், இடையறாத பராமரிப்பும் வேண்டும் என்பதை மூன்று உயிர்களைக் கொடுத்தல்லவா கற்றுக்கொண்டிருக்கிறோம்?

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது? வாய்க்காலும் குழாயும் தெருவிளக்கும் நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து ஆகியவற்றின் பொறுப்பு. அவற்றுக்கான சட்டங்கள் புதுச்சேரியில் 1973இலேயே இயற்றப்பட்டன. ஆனால் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. 38 ஆண்டு இடைவெளி! அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் ஆண்டுகள் பல உருண்டோடின. உறுப்பினர் இல்லாத தெருவில் அடைபட்ட சாக்கடைக்கு யார் வாதாடுவார்? உள்ளாட்சித் தேர்தலை அரசியல்வாதிகளின் விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருக்கலாகாது. அது நம் குழந்தைகளின் காய்ச்சலோடு தொடர்புடையது.

இளைஞர்களே! பேச்சோடு கலைந்துவிடாமல் இருக்க, நாம் உடனே மேற்கொள்ளக்கூடிய சில பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் ஐந்தாறு இளைஞர் சேர்ந்து தம் பகுதியின் நீர் வரைபடத்தை வரையவேண்டும். எந்த இடத்தில் நீர் ஒரு வாரத்திற்கு மேல் தேங்குகிறது, எந்தக் குழி மூடப்படவில்லை, எந்தக் குழாயில் எந்நாளில் நீர் வருகிறது என்று குறிக்க வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்தாலே போதும்.

இரண்டாவது, அந்த வரைபடத்தை இணைத்து எழுத்து மூலமாக விண்ணப்பம் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைக்கவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, பட்டியல் இனத்தோருக்கான சிறப்புக்கூறுத் திட்ட நிதியில் நம் குடியிருப்பின் வடிகாலுக்கும் குடிநீருக்கும் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்ச்சி பெற்ற நம் மாணவர்கள் தம் கல்வியைச் சமுதாயத்திற்குத் திருப்பித் தரும் வழி இது.

நான்காவது, நம் கையில் இருப்பதை நாமே செய்ய வேண்டும். கழிவுத்தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவதற்கும், தொட்டிக்கு மூடி இடுவதற்கும், உடைந்த சட்டியையும் பழைய டயரையும் அகற்றுவதற்கும் எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் நம் பணியைக் காட்டி அரசு தன் பணியிலிருந்து நழுவ இடங்கொடுக்கக் கூடாது.

ஐந்தாவது, இந்தப் பணிக்குழுவில் பெண்கள் சரிபாதியாக இருக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரமும், நோயுற்றவரைப் பேணும் சுமையும் அவர்கள் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறியார்.

பெரியோர்களே! படித்த பிள்ளை நல்ல வேலை பெற்று மேட்டுத் தெருவுக்குக் குடிபோய்விட்டால் ஒரு குடும்பத்தின் துன்பம் தீரும். பள்ளத்துத் தெரு பள்ளமாகவே இருக்கும். நம் கழகம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் படிக்கவைக்க உழைத்திருக்கிறது. அந்தப் படிப்பு ஊரின் வாய்க்காலைச் சீர்படுத்தவும் பயன்படுமானால், தாம் பட்ட பாடு வீணாகவில்லை என்று நம் மூத்தோர் மனம் நிறைவர். அடுத்த 25 ஆண்டுகள் கழித்துப் பொன்விழாக் காணும்போது, கோரிமேட்டு மருத்துவமனை வரிசையில் நம் தெருக்களிலிருந்து சென்று நிற்போரின் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். அதற்கான வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமையே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, நம் தெருமுனைச் சாக்கடையிலிருந்து தொடங்குவோம்.